ஒன்றரை நட்சத்திரம்

நிலத்துக்கு ஒன்றரை நட்சத்திரம்.
அதற்கு மேல் நாங்கள் போவதில்லை.
இரண்டு என்றால் வேர்கள் இருக்கும்,
இரண்டரை என்றால் ஏற்றம்,
மூன்று என்றால் மண்டியிட வேண்டும்.
மண்டியிட்ட என்னைத் தூக்கி நிறுத்தத்
தீயணைப்பு வண்டிதான் வரவேண்டும்.

ஜியோகேச்சிங் என்கிறார்கள்.
யாரோ ஒளித்துவைத்ததை
யாரோ கண்டெடுத்து,
பெயர் எழுதிவிட்டு
இருந்த இடத்திலேயே திரும்ப வைப்பது.
மகள் கேட்டாள்: இதில் என்னம்மா கிடைக்கிறது?
பசி, என்றேன்.

ராவுமாவில் கால்வாய்ப் பாலத்தருகே
காரை நிறுத்துகிறேன்.
தௌனோவின் ஓட்டுநர் உரிமம்
இழுப்பறையில் தூங்குகிறது.
எனக்கு இடுப்பில் டைட்டானியம்.
அவருக்குக் கையில் நடுக்கம்.
நடைவண்டிக் கூடையில்
காபி பிளாஸ்க், மாத்திரை டப்பா, ஏலக்காய் பன் இரண்டு,
முனையில் காந்தம் கட்டிய கைத்தடி.
காந்தம் நானே கட்டியது.
கடையில் விற்கும் கருவியெல்லாம்
குனியத் தெரிந்தவர்களுக்கு.

பத்தரைக்கு அவர் விழுங்கிய மருந்து
பதினொன்றுக்குக் கால்களுக்கு வந்து சேரும்.
பன்னிரண்டே முக்காலுக்குக் கதவடைப்பு.

பதினொரு மீட்டர், என்கிறது கைபேசி.
எங்களுக்கு அது
இரண்டு ஓய்வும் ஒரு சண்டையும்.
"இடது பக்கம்" என்கிறேன்.
"அது உன் இடது" என்கிறார்.
நாற்பத்தாறு வருஷத்தில்
எங்களுக்கு ஒரே இடது இருந்ததே இல்லை.

இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்திலிருந்து
செயற்கைக்கோள்கள் விரல் நீட்டிக் காட்டுகின்றன.
கடைசி மூன்று மீட்டரில்
கைவிட்டுவிடுகின்றன.
டாக்டர்களும் அப்படித்தான்.

இரும்புக் கைப்பிடியில்
பெயின்ட் உரிந்த இடமெல்லாம் தடவுகிறோம்.
நாயோடு வந்தவர் நிற்கிறார்.
"எதையாவது தொலைத்துவிட்டீர்களா?"
"கண்ணாடியை" என்கிறேன்,
மூக்கின்மேல் கண்ணாடியோடு.
பரிவாகத் தலையசைத்துவிட்டுப் போகிறார்.
வயதானதில் இது ஒரு வசதி.
எதைத் தேடினாலும் யாரும் சந்தேகப்படுவதில்லை.

கண்டுபிடித்தது அவருடைய நடுக்கம்தான்.
கைப்பிடியின் அடியில் விரல் உதற உதற
மோதிரம் ஆணிகளைத் தட்டிக்கொண்டே போனது.
ஓர் ஆணி மட்டும்
வேறு மாதிரி ஒலித்தது.

சுண்டுவிரல் நகத்தளவு குப்பி.
உள்ளே சுருட்டிய காகிதம்,
தையல் நாடாவைவிட ஒல்லி.
முன்னே வந்தவர்கள் தவித்திருக்கிறார்கள்.
ஒருவர் பெயர்மேல் இன்னொருவர் பெயர் ஏறி,
ஒருவர் முதலெழுத்தோடு மூச்சுவிட்டு.

தௌனோ கப்பல்களுக்குப் பெயர் எழுதியவர்.
கயிற்றுப் பலகையில் தொங்கிக்கொண்டு,
ஓர் எழுத்து அவர் உயரம்.
மூன்று வருஷமாக
எழுத எழுத எழுத்து சுருங்குகிறது.
கடைச்சீட்டில் பால் என்று தொடங்குவார்,
வெண்ணெய், ரை ரொட்டி,
நாலாவது வரியில் கடுகு,
ஆறாவதில் புள்ளி.
கடுகு நாங்கள் வாங்கும் பொருளல்ல.
வங்கிக்காரி அவர் கையெழுத்தைப்
பழையதோடு ஒட்டிவைத்துப் பார்த்தாள்.
"இன்னொரு முறை, கொஞ்சம் பெரிதாக?"
வீடு வரும்வரை
அன்று அவர் பேசவில்லை.

இன்று
பாலத்தில் முழங்கையை ஊன்றி,
மணிக்கட்டை நான் பிடித்துக்கொள்ள,
எழுதுகிறார்.
தேதி.
என் பெயர்.
அவர் பெயர்.
மழை இல்லை என்று ஒரு செய்தி.
பிறகும் இடம் மிச்சம்.

"பார், இர்யா" என்றார்.
"இத்தனை நாளும் இதற்குத்தான்
பயிற்சி எடுத்திருக்கிறேன்."

காகிதத்தை இருவருமாகச் சுருட்ட
ஒன்பது நிமிடம் ஆனது.
குப்பி இரண்டு முறை விழுந்தது.
காந்தத் தடி இரண்டு முறையும்
கவ்விக்கொண்டு வந்தது,
நல்ல நாய்போல.

பன்னிரண்டு நாற்பது.
கார் முப்பது மீட்டரில் நிற்கிறது.
மீசையில் பன் துகளோடு
அடுத்ததைத் தேடிவிட்டார் அதற்குள்.
கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே ஒன்றாம்.
நிலம் ஒரே நட்சத்திரம்,
சக்கர நாற்காலியே போகுமாம்.

அது எங்கே ஓடிவிடப் போகிறது, என்றேன்.
வண்டியில் ஏறு.