மேற்கே போனால் தமிழச்சி

கொச்சியில் கூப்பிட்டால்
கட்டம் போட்ட சேலை.
தலையில் எண்ணெய், மூக்கில் ஒட்டுக்கல்,
கனகாம்பரம் கொஞ்சம் அதிகமாகவே.
"தமிழ் வேலைக்காரி, ரெண்டு சீன்" என்று
முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள்.
முதல் தடவை தெரியாமல்
ஞாயிறு பூசைக்குக் கட்டுகிற
சாம்பல் நிறச் சேலையில் போய் நின்றேன்.
சுற்றிவந்து பார்த்த ஒருவர் சொன்னார்:
தமிழ் போதாது.

சென்னையில் கூப்பிட்டால்
செட்டு முண்டு. சஜிதாவிடம் இரவல்.
அவள் என்னைவிட ஒரு சாண் உயரம்,
கசவு தரையில் இழுபடும்.
இடுப்பில் மடித்துச் செருகி மூன்று ஊக்கு.
சந்தனக் கீற்றை ரயில் கண்ணாடியில் பார்த்து
இட்டுக்கொள்வேன்,
மாதாவே கண்டுக்காதே என்று.
முடியை நனைத்து விரித்துப் போட்டால்
பாதி வேலை முடிந்தது.
"அந்தச் சேச்சி சிரிப்பு ஒண்ணு குடுங்க" என்பார்கள்.
அது எந்தச் சிரிப்பு என்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஊர் கொழிஞ்சாம்பாறை.
ரேஷன் கார்டு மலையாளம், சண்டை தமிழ்.
எந்தப் பக்கம் ரயிலேறினாலும்
இறங்குகிற ஊருக்கு நான்
எதிர்ப்பக்கத்துக்காரி.

போன வாரம் வந்ததுதான் வம்பு.
பொள்ளாச்சியில் ஒரு கல்யாண மண்டபம்,
சனிக்கிழமை காலை பத்து மணி.
மேக்கப் வேண்டாம்.
நீங்கள் நீங்களாகவே வாருங்கள்.

அதற்கு என்ன உடுத்துவது?

வெள்ளி இரவு பீரோவைக் கட்டிலில் கொட்டினேன்.
மெரூன் சுடிதாருக்கு ஷால் எங்கே போனதோ.
தம்பி கல்யாணத்துப் பட்டைக் கட்டினால்
இன்னும் அடையாத வட்டி முகத்தில் தெரிகிறது.
ஜீன்ஸ் ஒன்று உண்டு,
அதை வாங்கியவள் வேறு யாரோ.
உள்ளதைச் சொன்னால் நைட்டிதான் நான்,
மேலே ஒரு துண்டு.
பஸ்ஸில் ஏற முடியாத உண்மை.

பிரான்சிஸ் படுக்க இடமில்லாமல்
தலையணையோடு நின்றான்.
"எதைப் போட்டாலும் நீதானே தெரியற?"
உதவாத மனுஷன்.

விடிந்தபோதுதான் நினைவு வந்தது:
இரண்டு மணிக்கு ஷிப்டு.
வீட்டுக்கு வந்து மாற்ற நேரமிருக்காது.
அதனால் பங்க் சட்டையையே மாட்டிக்கொண்டு
கிளம்பிவிட்டேன்.
நீலம். காலர் நைந்தது. பெட்ரோல் வாசம்.
பேட்ஜில் ஜெசிந்தா இல்லை, ஜசிந்தா.
ஐந்து வருடமாக ஒரு கொம்பு பாக்கி.

கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி முதல் பங்க்.
இந்தப் பக்கம் விலை குறைவென்று
அந்தப் பக்கத்து வண்டியெல்லாம் வரும்.
நம்பர் பிளேட்டைப் பார்த்துத்தான் வாய் திறப்பேன்.
டிஎன் என்றால்
"ஜீரோ பாத்துக்கங்கண்ணா."
கேஎல் என்றால்
"சீரோ நோக்கிக்கோ சேட்டா."
அதே மெஷின், அதே விரல்.
தொண்டை மட்டும் கொஞ்சம் நகர்ந்து உட்காரும்.

மண்டபத்தில் என் நம்பர் நாற்பத்தேழு.
"ஏதாவது செய்ங்க" என்றார் கண்ணாடி போட்டவர்.
மனப்பாடம் பண்ணிய அழுகை ஒன்று வைத்திருந்தேன்.
சட்டை அதற்குச் சரிப்படவில்லை.
கையை நீட்டி, இல்லாத குழாயை எடுத்து,
கேமராவைப் பார்த்தேன்.

அதற்கு நம்பர் பிளேட் இல்லை.

எந்தப் பாஷை என்று வாய் ஒரு கணம்
திறந்தபடி நின்றுவிட்டது.
"போதும்" என்றார். "அந்த நின்னது நல்லாருக்கு.
ஆனா அடுத்த தடவை நீலம் வேணாம்,
பின்னாடி துணியும் நீலம்."
போனில் காட்டினார்.
சட்டை துணியோடு கரைந்து போயிருந்தது.
ஒரு முகம், இரண்டு கை.

கூப்பிடுகிறோம் என்றார்கள்.
எல்லோரும் சொல்வதுதான்.

இரண்டு அடிக்க ஐந்து நிமிஷம், பங்கில் இறங்கினேன்.
நாலு வரிசை நிற்கிறது.
முதல் வண்டி பிஒய் நம்பர்.
புதுச்சேரியா மாஹியா,
கண்ணாடியை இறக்குகிற வரை சொல்ல முடியாது.
அவர் இறக்கவில்லை.
நான் ஜீரோவைக் கையால் காட்டினேன்.