இருபத்தேழு

படுத்தால் வலிக்கிறது என்றேன்.
வேலை செய்தால்?
செய்தால் சரியாகிவிடுகிறது.
மருந்துக்கடைக்காரர் சிரித்தார்:
"அப்படியானால் வேலை செய்யம்மா."

ஆறு வருஷம் அதைத்தான் செய்தேன்.
மோல்மேனில், ரப்பர் மண்டியில்,
பேரேட்டின் முன்னாலிருந்து
அரைமணிக்கொரு தரம் எழுந்து
தேவையில்லாத ரசீதைத் தேடி நடந்தேன்.
முதலாளி அதைச் சுறுசுறுப்பு என்றார்.
சம்பளமும் கொஞ்சம் ஏற்றினார்.

விடியற்காலை மூன்று மணி.
இடுப்புக்குக் கீழே யாரோ
ஈரச் சிமெண்டைக் கொட்டி இறுகவிட்டிருப்பார்கள்.
புரள முடியாது.
முழங்கையை ஊன்றி,
கட்டில் விளிம்பைப் பிடித்து,
ஒரு கெட்ட வார்த்தை சொன்னால் எழுந்துவிடலாம்.
ஊரடங்கு; தெருவில் நடக்கக் கூடாது.
அடுப்படியிலிருந்து வாசல் கதவு வரை பதினோரு தப்படி.
எழுபது தடவை போய்வந்தால்
மறுபடி மனுஷியாகிவிடுவேன்.

டாக்டர் மி குன் சான்
எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.
எலும்பில் ஒன்றுமில்லை.
சி.ஆர்.பி. நான்கு.
உள்ளே அழற்சி இருந்தால் ஏறுமாம். ஏறவில்லை.
நெருப்பில்லாமல் புகையாது என்று சொல்லிவைத்தவர்கள்
புகையாமல் எரிவதைப் பற்றி
ஒரு வார்த்தை சொல்லிவைக்கவில்லை.

எழுந்து புறப்பட்டேன், பழக்கம்தான்.
"உட்காருங்கள்" என்றார்.
உட்கார்ந்தால் வலிக்கும் என்றேன்.
"அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்" என்றார்.
பேனாவை நான் பார்த்தேன்.
நிஜமாகவே எழுதிக்கொண்டிருந்தது.

இன்னொரு சோதனை பாக்கி. இங்கே கிடையாது,
ரங்கூன் போய் அங்கிருந்து பாங்காக் போக வேண்டும்:
எச்.எல்.ஏ. பி இருபத்தேழு.
இருபத்தேழு என்றால் எனக்கு நட்சத்திரம்தான்.
என்னுடையது பூராடம்,
நூலாடாது என்று இரண்டு வரன் அதிலேயே போயிற்று.
இதுவும் பிறக்கும்போதே எழுதியதாம்.
எழுதியிருந்தாலும் எல்லோருக்கும் நடக்காதாம்.
அண்ணனுக்கும் இருக்கலாம்;
அவன் நாளெல்லாம் மூட்டை தூக்கிவிட்டு
கட்டை மாதிரித் தூங்குகிறான்.
ஜாதகமே தேவலை,
பரிகாரமாவது சொல்லும்.

குழாயில் ஒட்டப் பெயர் கேட்டாள் ரத்தம் எடுத்தவள்.
அட்டையில் மா தின் தின் ஏ.
வீட்டில் தில்லைநாயகி.
குழாய் சின்னது, சின்னப் பெயரை ஒட்டினாள்.
உள்ளே இருப்பது யாரென்று நான் சொல்லவில்லை.

இன்னும் இரண்டு குழாய் கேட்டார் டாக்டர்.
எலும்பு கெடுவதற்கு முன்பே
ரத்தத்தில் வாய்திறக்கும் புரதம் ஏதாவது உண்டா என்று
அங்கே தேடுகிறார்களாம்.
முடிவு எனக்கு வராது.
வந்தாலும் என் முதுகுக்கு ஆகாது.
பின்னே யாருக்கு?
தோளைக் குலுக்கினார்.
"இப்போது எங்கோ, பத்தொன்பது வயதில்,
சோம்பேறி என்று திட்டு வாங்குகிறவளுக்கு."
கையை நீட்டினேன்.

ராத்திரி பஸ்ஸில், கருவாட்டுக் கூடைகளுக்கு நடுவே
ஐஸ் பெட்டி போயிற்று.
சித்தாங் பாலத்துக்கு இந்தப் பக்கமே
விடியும் வரை நிறுத்திவிட்டார்களாம்.
சிப்பாய் மூடியைத் திறந்து டார்ச் அடித்தானாம்.
ரத்தம் என்றதும் மெதுவாக மூடினானாம்.
ஐஸ் கரையக் கரைய
பெட்டிக்கடைக்காரியை எழுப்பி இரண்டு கட்டி வாங்கிப் போட்டதாக
கிளீனர் பையன் ஸோ லின் சொன்னான்,
காசு வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றான்,
பிறகு வாங்கிக்கொண்டான்.

அப்போது மணி என்ன இருக்கும் என்று கேட்டேன்.
மூன்று, மூன்றேகால்.

பாலத்தடியில் அது நின்றுகொண்டிருந்திருக்கிறது.
நான் இங்கே
அடுப்படிக்கும் கதவுக்கும் நடுவே,
நாற்பத்தொன்று,
நாற்பத்திரண்டு.