மூலமட்டம்

மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது.
புளியந்தோப்பு வாரியக் குடியிருப்பில்
செவ்வாய், வியாழன், சனி நாலு மணிக்கு
என் செருப்புச் சத்தம் படியில் கேட்டதும்
குணவதி டி.வி.யைக் கூட்டி வைப்பாள்.
பக்கத்து வீட்டுக்குக் கேட்கக்கூடாதாம்.

ஏகாம்பரம் கத்துகிறவர் இல்லை.
பல்லைக் கடிப்பார்.
விளம்பரம் மாறும் இடைவெளியில்
அது எனக்கு மட்டும் கேட்கும்.

பெரும்பாக்கத்தில் ஒரு சாரம் சரிந்தது.
இடது முட்டி மூன்று துண்டு.
ஒரு தகடு, ஏழு ஸ்க்ரூ,
ஸ்டான்லியில் பதினெட்டு நாள்,
அப்புறம் மடக்காமல் வைத்திருந்த இரண்டரை மாதம்.
எலும்பு கூடிவிட்டதாக எக்ஸ்ரே சொல்கிறது.
முட்டிக்கு அந்தச் செய்தி
இன்னும் போய்ச் சேரவில்லை.

முதல் நாள் முப்பத்தெட்டு டிகிரி.
வெந்நீர்ப் பை, கொஞ்சம் தேங்காயெண்ணெய்.
மழைக்கு ஊதிப்போன ஜன்னல் மாதிரி
உள்ளே ஏதோ இறுகிக் கிடப்பதை
தழும்பின் குறுக்கே கட்டைவிரலால் தேய்ப்பேன்.
குப்புறப் படுக்க வைத்து
கணுக்காலில் தோளைக் கொடுத்து
என் ஐம்பத்தொரு கிலோவையும் சாய்ப்பேன்.
என் மகனின் ஸ்கூல் ஃபீஸ்
அந்தச் சாய்வில்தான் இருக்கிறது.
"மூச்சு விடுங்க. இன்னும் ஒரே ஒரு தடவ."
நான் சொல்லும் பொய்களிலேயே பழையது
அந்த ஒரே ஒரு தடவை.

இருபத்தாறு வருஷம் குந்தியே டைல்ஸ் ஒட்டிய கால்.
அண்ணாநகர், வேளச்சேரி, ஓ.எம்.ஆர்.,
எத்தனை பாத்ரூம் என்று அவருக்கே தெரியாது.
எல்லாம் வெஸ்டர்ன்.
அவர் வீட்டில் இருப்பது தரையோடு பதித்த கோப்பை.
அதன்மேல் நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி,
கால் நீட்ட இடமில்லாததால் கதவு திறந்தபடி,
வெளியே தெருவைப் பார்த்து நிற்கும் குணவதி.
இதைப் பற்றி நாங்கள் மூவரும் பேசுவதில்லை.

எண்பத்தாறில் நின்றுவிட்டது.
ராத்திரியெல்லாம் ஓடி வந்த ரயில்
சென்ட்ரலுக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில்
பேசின் பிரிட்ஜில் நிற்குமே, அப்படி.
மூன்று வாரம்.
மேஸ்திரி வேறு ஆளைப் போட்டுக்கொண்டார்.
தொண்ணூறு வராவிட்டால்
மயக்கம் கொடுத்து மடக்க வேண்டும் என்று
டாக்டர் சீட்டில் எழுதியிருந்தார்,
தேதியோடு.

அந்தச் சனிக்கிழமை
கோணமானியின் கையைச் சற்றே தள்ளிப் பிடித்து
"தொண்ணூறு" என்றேன்.
குணவதி டி.வி.யை அணைத்தாள்.
கண்ணைத் துடைத்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன்.

ஏகாம்பரம் எழுந்து உட்கார்ந்தார்.
கட்டிலுக்கடியில் கைவிட்டு
சிமென்ட் காய்ந்த பையிலிருந்து
மூலமட்டத்தை எடுத்தார்.
தொடைக்கடியில் ஒரு கை, கெண்டைக்காலோரம் ஒரு கை.
குனிந்து, ஒற்றைக் கண்ணை மூடி,
அடுத்தவன் போட்ட தரையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"வெளிச்சம் வருது பாருங்க மேடம்.
கணுக்காலாண்ட ரெண்டு விரல் நுழையுது.
இத தொண்ணூறுன்னு வச்சி சுவர் எழுப்புனா
கதவு மூடாது."

எனக்குக் காது சுட்டது.
நோட்டில் அடித்துவிட்டு
எண்பத்தாறு என்று எழுதினேன்.
எட்டிப் பார்த்தார். தலையசைத்தார்.
மூலமட்டத்தை லுங்கியில் துடைத்து
தலையணைக்குப் பக்கத்தில் வைத்தார்.
பிறகு தானாகவே குப்புறப் படுத்தார்.
"நாலு தானே. அழுத்துங்க."

குணவதி ரிமோட்டைத் தேடினாள்.
"வாணாம், வுடு."

அன்றைக்கு ஏகாம்பரம் கத்தினார்.
புறாக்கள் எழும்பின. கீழே ஒரு நாய் குரைத்தது.
என் தோளுக்குள் ஏதோ மெல்ல
வழிவிட்டதுபோல் இருந்தது.
என்னுடையதா அவருடையதா, தெரியவில்லை.

இறங்கும்போது முதல் மாடியில்
மீன் ஆய்ந்துகொண்டிருந்தவள்
தலை தூக்காமல் கேட்டாள்,
"எவ்ளோ ஆச்சி?"

எண்பத்தேழு என்றேன்.