அரைச் சுற்று

உடைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
டுட்லிங்கனில்,
கோடை வந்தால் டான்யூப் மண்ணுக்குள் நழுவி
மலைக்கு அப்பால் போய் முளைக்கிற ஊரில்,
இருபத்தோரு வருடமாக
எலும்புக்குள் போக வேண்டியதை
எலும்பில்லாத இடத்தில் முறுக்கிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு தொகுதிக்கு நாலாயிரம் திருகாணி.
அதில் பத்து என் மேசைக்கு வரும்.
தலை மேலே, ஐந்து புரி பிடிக்கு வெளியே,
மீதி உடம்பு எஃகுத் தாடைக்குள்.
நிமிடத்துக்கு இரண்டே சுற்று.
திரையில் கோடு ஏறும், வளையும்,
மலையேறியவன் உச்சியில் மூச்சு வாங்கிக்கொண்டு
கொஞ்சம் சமதரையில் நடப்பதுபோல் நடக்கும்,
பிறகு
டிக்.

வெடிக்கும் என்று நினைத்துக் காதைப் பொத்தினேன் முதல் நாள்.
நகம் வெட்டுகிற சத்தம்.

விதிகள் பல உண்டு. எனக்குப் பிடித்தது ஒன்று:
உடையலாம், ஆனால்
அரைச் சுற்றாவது திரும்பிவிட்டு உடைய வேண்டும்.
அந்த அரைச் சுற்றில்தான்
எங்கோ ஓர் அறுவை அறையில், கையுறைக்குள்,
ஒரு மணிக்கட்டுக்குத் தெரியும், பிடி குழைகிறது என்று.
போதும், இனி வேண்டாம் என்பதை
உலோகம் தனக்கு வாய்த்த மொழியில் சொல்கிற நேரம் அது.
முறுக்குக்கும் முறிவுக்கும் நடுவே
ஒரு மூச்சு.

பிப்ரவரி. செவ்வாய்.
முதலாவது நூற்று எழுபத்தொரு டிகிரியில் போயிற்று.
விசையில் குறையில்லை, கேட்டதற்கு மேலேயே தாங்கியது.
வலு இருந்தது, இளக்கம் இல்லை.
இரண்டாவது நூற்று அறுபத்தொன்பது.
மூன்றாவதற்கு முன் பிடியைக் கழற்றித் துடைத்தேன்,
கருவியின் சான்றிதழில் தேதி பார்த்தேன்,
என் மூக்குக் கண்ணாடியைக்கூடத் துடைத்தேன்.
நூற்று எழுபத்திரண்டு.

வெண்டலின் வந்து பின்னால் நின்றார்.
"எட்டு டிகிரி, குட்ரூன்.
கடிகாரத்தில் பெரிய முள் ஒன்றரை நிமிடம்கூட நகராது."
கெட்ட மனிதர் இல்லை.
பாதி தின்ற ரொட்டி கையிலேயே இருந்தது.
நான் பதில் சொல்லாமல் நாலாவதை மாட்டினேன்.
இருவருமாகப் பார்த்தோம்
கோடு ஏறுவதை,
சமதரை வருமுன்பே அது
இல்லாமல் போவதை.
ரொட்டியைத் தாளில் சுற்றினார்.
"எழுது" என்றார்.

வெளியே லாரி உறுமிக்கொண்டு நின்றது.
வெறும் வண்டியாகப் போ என்று சொல்ல
என்னைத்தான் அனுப்பினார்கள்.
ஸ்வோனிமிர் ஏசினான்,
முதலில் தன் மொழியில்,
பிறகு என் மொழியில், ஓர் இலக்கணப் பிழை இல்லாமல்.
ஸாக்ரெப் வரைக்கும் டீசல் யார் கொடுப்பது?
ஏசி முடித்து ஏறும்போது
இடது காலை இரண்டு கையாலும் தூக்கிப் படியில் வைத்தான்.

"எத்தனை?" என்று கேட்டுவிட்டேன்.
கேட்டிருக்கக் கூடாது.
"ஏழு. ஒரு தகடு.
பனி விழுந்தால் எட்டு என்று வலிக்கும்."
எந்தக் கம்பெனி, எந்த வருடத்துச் சரக்கு,
அவனுக்குத் தெரியாது.
அந்த ஏழோடு பிறந்தவற்றை
எவரோ ஏதோ ஒரு மேசையில் முறித்துப் பார்த்து
வந்த எண்ணை வந்தபடி எழுதியிருப்பார்.
எழுதியிருக்க வேண்டும்.
கதவை அறைந்து சாத்தினான். போனான்.

சிவப்புப் பெட்டியில் நாலாயிரம்,
என் கையெழுத்தோடு.
முடிவு தெரிந்த பிறகும் பத்தையும் உடைத்தாக வேண்டும்,
அதுவும் விதிதான்.
ஐந்தாவது நூற்று எழுபது.
ஆறாவது, என்னவோ, இருநூற்றுப் பன்னிரண்டு வரை திரும்பியது,
நிதானமாக, அவசரமே இல்லாமல்.
எல்லாம் ஒரே கம்பியில் பிறந்தவைதான்.
இது மட்டும் ஏன் என்று தெரியவில்லை.
அதையும் எழுதினேன்.