முதல் வரைவு, காவேரிப்பட்டணம் சாலை

மாங்கூழ் ஆலையின் குளிர் அறையை
மூன்று மாதத்துக்குப் பேசியாயிற்று.
வாடகையில் பாதி முன்பணம்.
மீதி, இன்ஸ்டலேஷன் என்றால் என்னவென்று
முதலாளியின் மருமகனுக்கு விளங்கிய பிறகு.

இருபத்தெட்டுக்குப் பதினாறு அடி.
டேப்பின் ஒரு முனை ஹசீனாவிடம்,
மறுமுனை துருப்பிடித்த கொக்கியில்.
சன்னல் கிடையாது, அது பிடித்திருந்தது.
பிடிக்காதது கதவு:
ஒரு சாண் தடிமன், உள்ளிருந்து திறக்காது.
எழுதிக்கொண்டேன்:
கதவைக் கழற்ற ஆள், இருவர்.

அவள் ஒருமுறை கை தட்டினாள்.
ஓசை நான்கு சுவரையும் விசாரித்துவிட்டுக்
கொஞ்சம் வயதாகித் திரும்பியது.
"ரெண்டரை செகண்டு. பேச்சு குழம்பும்.
சாக்கு கட்டணும்."
சாக்கு, நூறு. புளி மண்டியில் கேட்கலாம்.

புரொஜக்டர் இரண்டு.
ஒன்று கோயம்புத்தூரிலிருந்து வாடகைக்கு.
இன்னொன்று ஹசீனாவின் அண்ணன்
கல்யாண மண்டபத்துக்கு வைத்திருப்பது,
அதில் எல்லா முகமும் லேசாக ரோஜா நிறம்.
"ஆறு மணிக்கு மேல
சுத்துப்பட்டு மோட்டாரெல்லாம் ஓடும்" என்றார்
காவலுக்கு இருக்கும் திம்மராயன்,
"பல்பே பீடி மாதிரிதான் எரியும்."
ஜெனரேட்டர், ஒன்று.
அதன் சத்தத்துக்கு என்ன செய்வது?
ஒரு கேள்விக்குறி போட்டு
அதைச் சுற்றி வட்டமும் போட்டேன்.

இத்தனைக்கும் கையில் இருப்பது
நாற்பத்தேழு விநாடி.
போன சீசனில் யாரோ போனில் பிடித்தது.
படத்தில் ஒன்றுமில்லை: ஈரத் தரை,
ஒரு செருப்பு, பெங்களூரா மாங்காயின் மூக்கு.
பின்னால் ஒரு பெண் தெலுங்கில்
கிரேட்டுகளை எண்ணுகிறாள்,
மழை தகரத்தில் விழுகிற வேகத்தில்.
அந்தக் குரலுக்காகத்தான் இந்த அறை,
இந்தச் சாக்கு, இந்தக் கடன்.

குரலுக்கு உரியவளைத் தேடப் பதினொரு நாள்.
முனிரத்னா. இப்போது ஓசூரில்
ஒரு கம்பெனி கேன்டீனில் இருக்கிறாள்.
துண்டை அனுப்பினோம்.
இரண்டு நீலக் கோடு விழுந்தது.
பிறகு இரண்டு நாள் எதுவுமில்லை.

மூன்றாம் இரவு, ஷிஃப்ட் முடிந்து, அவளே அழைத்தாள்.
"முப்பத்தாறுக்கு அப்புறம்
என்ன சொல்றேன், கேட்டீங்களா?"

கேட்டோம்.
முப்பை ஆறு.
முப்பை எனிமிதி.

இரைச்சல் நீக்கியிருந்தோம்,
எட்டு ஸ்பீக்கருக்குப் பிரித்திருந்தோம்,
அவள் மூச்சு எங்கே விடுகிறாள் என்றுகூட
பென்சிலால் குறித்திருந்தோம்.
கூடவே எண்ணிப் பார்த்ததில்லை.

"நூத்திருபதுன்னு எழுதிக் குடுத்தேன்.
லாரியில நூத்திப் பத்தொம்பது.
ஒண்ணை நான் வித்துட்டேன்னு
ரெண்டு நாள் கூலியப் பிடிச்சாங்க.
எடுக்கல பாருங்க. விட்டுட்டேன்."

லைனில் பாத்திரம் கழுவும் சத்தம்.
சிரித்தாளா என்று தெரியவில்லை.

"போட்டுக்கங்க. ஆனா நடுவுல
ஏடு சேத்துத் திருத்தி வெக்காதீங்க.
திறக்கிற அன்னிக்கு
ஆலைக்காரங்களையும் கூப்பிடுவீங்கல்ல?"

அன்றிரவு வரைபடத்தை முழுக்க அழித்தோம்.
ஹசீனாவுக்கு இப்போது எட்டு ஸ்பீக்கர் வேண்டாம்,
ஒன்று போதும், இடுப்பு உயரத்தில்.
எனக்கு மாங்காயின் மூக்கு வேண்டும்,
ரோஜா நிறமானாலும் சரி.
விடியும்வரை சண்டை, தீரவில்லை.
ஒன்றில் மட்டும் ஒத்துப்போனோம்:
சாக்கு கட்டக் கூடாது. குழம்பட்டும்,
குழம்பினால்தான்
இரண்டாம் முறை காது கொடுப்பார்கள்.

இன்று காலை மருமகன் வந்தார்.
காரிலிருந்து இறங்கவில்லை, கண்ணாடி மட்டும் இறங்கியது.
"உள்ள என்னதான் காட்டப் போறீங்க?"
ஹசீனா என்னைப் பார்த்தாள்.
திம்மராயன் கதவுப் பக்கம் நகர்ந்தார்.

"மாங்கா சார்" என்றேன்.
"அப்புறம் கொஞ்சம் கணக்கு."