ஆறு மணிக்கு முன்

விருந்தினர் விழிப்பதற்குள் முடிக்க வேண்டிய வேலை.
துரு தோ தூஸில், ஓட்டலின் பின்வாசலில்
கையெழுத்துப் போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு
இடுப்பளவு நீரில் இறங்குவோம்,
நானும் ழான்-நோயலும் இன்னும் நான்கு பேரும்.
கையில் கரும்புத் தோட்டத்திலிருந்து வந்த முள்வாரி.

கறுப்பாகத் தெரிவதையெல்லாம் பிடுங்கு.
அவ்வளவுதான் உத்தரவு.
விளம்பரப் படத்தில் கடல் வெளிர்நீலம்.
காசு கொடுத்து வந்தவர் காலில்
வழுவழுவென்று எதுவும் படக்கூடாது.

பிடுங்கினோம்.
வேர் விடும்போது பழந்துணி கிழிவதுபோல் ஒன்று,
காதுக்கு எட்டாது, மணிக்கட்டுக்குக் கேட்கும்.
பிறகு சேறு புகையாக எழும்பும்,
புகை அடங்குமுன் அடுத்த பிடி.
ஒருநாள் கரையில் குவித்ததற்குள்
சுண்டுவிரல் நீளத்தில் ஒரு கடல்குதிரை,
ஒற்றைத் தாளை வாலால் சுற்றிக்கொண்டு.
ழான்-நோயல் தாளோடு சேர்த்து எறிந்தான் நீரில்.
தாள் மிதந்தது.
அதுவும் மிதந்தது.

ஏழு வருடம்.
பொய் சொல்ல மாட்டேன்,
வீட்டுக்கு மாடி எழுந்தது அந்தப் புல்லில்தான்.

வற்றுநீரில் ஆக்டோபஸ் குத்த வரும் மார்லேன்
முதலில் வாரம் இருமுறை வந்தாள்,
பிறகு மாதம் ஒருமுறை,
பிறகு வெறும் ஈட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு
எங்களைத் தாண்டிப் போனாள், பேசாமல்.

அந்தப் புயலில் மணல் போனது.
மதுக்கூடத்தின் கடைசி மூன்று படிகள்
காற்றில் தொங்கின.
லாரியில் மணல் கொண்டுவந்து கொட்டினார்கள்.
அதுவும் போனது.
இத்தனை காலம் மணலை யார் பிடித்து வைத்திருந்தார்கள் என்று
யாரும் எங்களைக் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் மட்டும்.

ஷெஹ்னாஸ் வந்தாள், ஈரப் பையும் நீண்ட குழாயுமாக.
"இது பாசியில்லை, புல்.
நீருக்கடியிலேயே பூக்கும்" என்றாள்.
ஏழு வருடத்தில் ஒரு பூ பார்த்ததில்லை நான்.
குனிந்தது பறிக்க, பார்க்க அல்ல.
எங்கெங்கே இருந்தது, யாருக்கு நினைவிருக்கிறது?
ஆறு கைகள் உயர்ந்தன.
படியிலிருந்து மூன்றாம் மிதவை வரை அடர்த்தி,
ஊருக்குப் பெயர் தந்த நன்னீர் ஊற்று
கடலுக்குள் குமிழிடும் பக்கம் கொஞ்சம் கலைவு,
பாறைக்கு அப்பால் ஊசி இலை.
அவள் எழுதிக்கொண்டே வந்தாள்.
கொன்றவனிடம்தான் வரைபடம் இருக்கிறது.

இப்போது ஒரு சாணுக்கு ஒரு பிடி,
மூங்கில் கொக்கியால் மண்ணோடு தைக்கிறோம்.
முதல் தவணை இருநூற்று நாற்பது.
தென்கிழக்குக் காற்று ஓய்ந்து எண்ணியபோது
முப்பத்தொன்று.
ஒன்பதைப் படகின் விசிறி சீவியது,
முள்ளெலி சில, மற்றவை
என்ன ஆயின என்று ஷெஹ்னாஸுக்கும் தெரியவில்லை.

மைத்துனி மகள் கல்யாணத்தில் ஐயர் வாழ்த்தினார்,
ஆல்போல் தழைத்து அறுகுபோல் வேரோடி...
அட்சதை போட மறந்து நின்றேன்.
ஆல் கேட்கவில்லை எனக்கு.
அறுகு என்றதும்
விரல்கள் தாமாகக் கொக்கி ஊன்றும் விதத்தில் மடங்கின.
மனைவி முழங்கையால் இடித்தாள்.

போன வாரம் மேலாளர் அழைத்தார்.
படியிலிருந்து கயிறு வரை
ஒரே ஒரு பாதை மட்டும் சுத்தம் செய்யலாமா,
இரண்டு மீட்டர் அகலம்,
யாருக்கும் தெரியாமல், ஆறு மணிக்கு முன்.
பார்க்கலாம் என்றேன்.
முடியாது என்றிருக்கலாம்.
மாடிக்கு வாங்கிய கடன் இன்னும் பதினோரு மாதம்.

இன்று காலை கயிற்றுக்கு வெளியே மார்லேன்,
கணுக்கால் நீரில், ஈட்டியை ஊன்றி.
எத்தனை வருடத்துக்குப் பிறகோ பேசினாள்.
"எப்போது நிறையும்?"
வருடத்துக்கு ஒரு முழம் பரவினால் உண்டு என்றேன்.
மிதவைவரை கண்ணால் அளந்தாள்,
உதடு அசைய ஏதோ கணக்குப் போட்டாள்,
பெரிதாகச் சிரித்தாள்.
"எனக்கு அறுபத்திரண்டு, முசியே கர்ப்பனென்.
நீ வேகமாக நடு."