வியாழக்கிழமை

அப்பனும் அம்மாவும் ஒரே நிறம்,
சாம்பல் நீலத்தில் பேனா மை உதறியதுபோல.
"அபூர்வ ஸ்பேனியல்" என்று அட்டை எழுதி
ப்ரெக்கன் சந்தையில் இரட்டை விலை சொல்லியிருந்தார்
இட்வால் ப்ராசர்.

நாலு குட்டி போய்விட்டது.
ஐந்தாவது பால்வெள்ளை.
ஒரு காதுமடலில் மட்டும் விரல்நுனி அளவு சாம்பல்.
கண்கள் இரண்டும்
தைக்கத் தைக்க நூல் தீர்ந்துபோன பொத்தான் துளைகள்.

பின்னால் நின்று சாவிக்கொத்தை உலுக்கினேன்.
எஃகுத் தட்டை மேசையில் அறைந்தேன்.
அது டாக்டர் நெரிஸின் கடிகாரப் பட்டையைச்
சப்பிக்கொண்டிருந்தது.

மெர்லோடு மெர்லைச் சேர்த்திருக்கிறீர்கள், என்றார் டாக்டர்.
ரோமத்துக்குச் சாயம் தரும் செல்கள்தாம்
உட்காதிலும் குடியிருக்கின்றன.
அவை போய்ச் சேராத காதில்
ஒலி வாசல்வரை வந்து திரும்பிவிடும்.

"கண்?"
"கண்ணுக்கும் அதே கணக்கு."

ப்ராசர் தொப்பியைக் கழற்றி
அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.
நிறத்துக்கென்று தனியாக வாங்கிய பணம்
எங்கே போனதென்று நான் கேட்கவில்லை.
டிராக்டருக்குப் போயிருக்கலாம்.

ஊசிக்குத்தான் வந்தேன், என்றார்.
நான் அலமாரியைத் திறந்தேன்.

குட்டியைத் தரையில் இறக்கிவிட்டு
ஏனோ, சேற்று பூட்ஸால் ஒருமுறை மிதித்தார்.
அது தலையைத் தூக்கியது.
இன்னொரு மிதி.
பலகைக்குள் ஓடிய ஏதோவொன்று
பாதத்தில் ஏறியிருக்க வேண்டும்:
தராசில் முட்டி, என் ஷூவில் முட்டி,
நாற்காலிக்காலிடம் மன்னிப்புக் கேட்டு
அவரிடம் போய்ச் சேர்ந்தது.

அலமாரியை மூடினேன்.

கோட்டுக்குள் வெள்ளை மூக்கு நீட்டியிருக்க
கதவருகே திரும்பினார்.
"தாய்க்குக் கருத்தடை செய்யணும்.
வியாழன் காலியா?"